பொருள்: கோடு வளைதல் தொடர்பாக

அரியலூர்
4.10.2004

அனுப்புநர்: அய்யம்பெருமாள், வரைபடப் பிரிவு
பெறுநர்: கொளஞ்சியப்பன், கம்ப்யூட்டர் கடை, பெரம்பலூர்
பொருள்: கிராபிக்ஸ் கார்டில் கோடு வளைதல் – தொடர்பாக
பார்வை: உன் கடை பில், நாள் 2.8.2004

மாப்பிள்ளை கொளஞ்சியப்பனுக்கு மாமா எழுதுவது. நானும் உன் அக்கா ராசாத்தியும் சௌக்கியம். நீயும் சுகன்யாவும் குழந்தையும் சௌக்கியம்தானே?

என் சிபாரிசில் எங்கள் ஆபீஸ் உன்னிடம் வாங்கிய பழைய ஒர்க்ஸ்டேஷன் கார்டு சரியில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் எல்லையை வரைய நேர்கோடு போட்டால், கோடு நடுவில் வளைகிறது. துணி காயப்போட்ட கொடிக்கயிறு மாதிரி தொங்குகிறது. போன வாரம் என் எல்லைக்கோடு பக்கத்துப் பட்டா நிலத்துக்குள் நான்கு மீட்டர் போய்விட்டது. மேனேஜர் முத்துவேல் சார் எல்லார் எதிரிலும் கேட்டார்: "என்னங்க அய்யம்பெருமாள், இருபத்தாறு வருஷமா வரையிறீங்க, கோடு ஊரான் காட்டுக்குள்ள போவுது. முடியலன்னா சொல்லிடுங்க. எடைமேடையில ஆளு இல்லாம கெடக்கு."

எடைமேடை என்றால் கல் லாரி ஏறி இறங்குகிற இடம். அங்கே ஒரு கூண்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுத வேண்டும். படம் வரைகிற கைக்கு அதுதான் மரியாதை என்றால் நான் என்ன செய்வது? புதுக் குத்தகைக்கான படங்களை ஜனவரிக்குள் முடித்துத் தரவேண்டும். கார்டை உடனே மாற்று.

ஏன் போன் செய்யவில்லை என்று கேட்பாய். போன் மேனேஜர் அறையில் இருக்கிறது. தவிர, வாயால் சொன்னதற்குத் தேதி கிடையாது.

இப்படிக்கு,
அய்யம்பெருமாள்

~

பெரம்பலூர்
9.10.2004

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். இங்கே மூவரும் நலம். அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை! நான் உங்கள் மச்சினனா, தாசில்தாரா? தபால்காரர் ஏதோ நோட்டீஸ் என்று நினைத்து என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு மணி நேர பஸ்ஸில் வந்து சொல்ல வேண்டியதற்கு ஐந்து நாள் தபால்.

கார்டு வந்த புதிதில் "மானிட்டர் வயர் சொருக ஓட்டையே இல்லை" என்று ஒரு கடிதம் போட்டீர்கள். ஓட்டை மாற்றுகிற வெள்ளை அடாப்டர் டப்பாவிலேயே இருந்தது. அதை உங்கள் ஆபீஸில் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருந்தீர்கள். ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

உங்களிடம் இருப்பது குவாட்ரோ 4. பிள்ளைகள் விளையாட வாங்குகிற ஜீஃபோர்ஸ் 4 கார்டும் அதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். சிப் கிட்டத்தட்ட ஒன்றுதான், வளர்ப்புதான் வேறு. கேம் கார்டு படத்தை வேகமாக ஓட்டும், ஆனால் சாய்வுக் கோட்டில் பல் பல்லாகத் தெரியும். ஒர்க்ஸ்டேஷன் கார்டு அதற்கென்றே எழுதிய டிரைவர் புரோகிராமோடு வரும். கோட்டைப் பிசிறில்லாமல் போடும், பத்தாயிரம் கோடு உள்ள படத்தையும் திணறாமல் திருப்பும். இரண்டுமே நேர்கோட்டை வளைக்காது. வளைக்கிற வேலை அவற்றுக்குத் தெரியாது.

கீழே உள்ளவற்றுக்குப் பதில் எழுதுங்கள்.

1. மானிட்டர் பக்கத்தில் ஸ்பீக்கர், யு.பி.எஸ். ஏதாவது இருக்கிறதா?
2. மானிட்டரை மாற்றிப் பார்த்தீர்களா?
3. டிரைவர் சி.டி.யை மறுபடி போட்டீர்களா?
4. உங்கள் பக்கத்து சீட்டில் இருக்கும் தமிழ்மொழி மேடம் அந்தத் திரையைப் பார்த்தார்களா? அவர்களுக்கும் வளைகிறதா?
5. எந்த நேரத்தில் வளைகிறது?
6. கோடு எந்த இடத்தில் வளைகிறது?

அன்புடன்,
கொளஞ்சி

~

அரியலூர்
18.10.2004

பொருள்: கோடு வளைதல் – விளக்கம் அளித்தல்
பார்வை: உன் கடிதம், நாள் 9.10.2004

மாப்பிள்ளைக்கு, இங்கே எல்லாரும் நலம். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மழை பிடித்துக்கொண்டது, ரோடெல்லாம் சுண்ணாம்புச் சேறு.

1. ஸ்பீக்கர் கிடையாது. யு.பி.எஸ்.ஸை மூன்றடி தள்ளி வைத்துவிட்டேன்.
2. மாற்றினேன். வளைகிறது.
3. போட்டேன். வளைகிறது.
5. காலையில் குறைவு. மத்தியானத்துக்கு மேல் அதிகம். கார்டு சூடாவதால் இருக்கும்.
6. திரையின் நடுவில்.

தாசில்தார் என்று கேலி செய்தாய். எழுத்தில் இருந்தால்தான் நாளைக்கு யாரும் மாற்றிப் பேச முடியாது. அதை இந்த ஆபீஸில்தான் கற்றேன்.

இப்படிக்கு,
அய்யம்பெருமாள்

~

பெரம்பலூர்
25.10.2004

அன்புள்ள மாமாவுக்கு, நலம். சுகன்யாவுக்குத்தான் சளி. மாத்திரையைப் பற்றிக் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

இன்னொன்றுக்கும் எழுதவில்லை. நான் ஆறு கேள்வி கேட்டேன். ஐந்துக்கு வந்திருக்கிறது. மூன்றுக்கு அப்புறம் ஐந்து என்று உங்கள் ஊரில் எண்ணுவார்களா? தமிழ்மொழி பார்த்தார்களா இல்லையா?

சரி, சண்டை வேண்டாம். பழைய ஜீஃபோர்ஸ் 4 கார்டு ஒன்றைப் பஞ்சு வைத்துக் கட்டிக் கொடுத்தனுப்புகிறேன். அதைப் போட்டுப் பாருங்கள், பிறகு பழையதைப் போடுங்கள். ஒரே படம், ஒரே மானிட்டர், ஒரே நாள். இரண்டையும் ஒப்பிட்டு எழுதுங்கள். கேம் கார்டில் வளையாமல் ஒர்க்ஸ்டேஷன் கார்டில் மட்டும் வளைந்தால் என் காசில் புதுக் கார்டு வாங்கிக்கொண்டு நானே வருகிறேன்.

இன்னொரு விஷயம். உங்கள் மேனேஜர் ஆறு மெஷின் வாங்குவதாகப் பேச்சு. அதை எனக்கே தருவதாக ஜாடையாகச் சொன்னார். இந்த நேரத்தில் கார்டு, கோடு என்று அங்கே சத்தம் போட்டுவிடாதீர்கள். தீபாவளிக்கு அக்காவோடு கட்டாயம் வாருங்கள்.

அன்புடன்,
கொளஞ்சி

~

அரியலூர்
18.11.2004

பொருள்: இரு கார்டுகளின் ஒப்பீட்டு அறிக்கை
பார்வை: 1) உன் கடிதம், நாள் 25.10.2004 2) நேரில் சோதித்தது, நாள் 15.11.2004

மாப்பிள்ளைக்கு, தீபாவளிக்கு வர முடியாமல் போனதற்கு வருத்தப்படாதே. வேலை. இங்கே நலம்.

முழுச் சுரங்கப் படத்தைத் திரையில் புதுப்பிக்க குவாட்ரோ எடுத்துக்கொண்டது பதினோரு வினாடி, ஜீஃபோர்ஸ் பத்தொன்பது. மேடுபள்ளம் காட்டும் சம உயரக் கோடுகள் ஜீஃபோர்ஸில் ரம்பப் பல். குவாட்ரோவில் நான் பேனாவால் போட்டது போல வழுவழுப்பு. படத்தை நகர்த்தினால் ஜீஃபோர்ஸ் விக்கி விக்கி வருகிறது. மின்விசிறிச் சத்தமும் அதில்தான் அதிகம். நீ சொன்ன வித்தியாசம் அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டிலும் கோடு வளைகிறது.

இதில் ஒரு கள்ளத்தனம் கண்டுபிடித்தேன். நான் எந்தக் கோட்டைப் பார்க்கிறேனோ அந்தக் கோடுதான் வளைகிறது. பக்கத்துக் கோடு ஒழுங்காக நிற்கிறது. சரி என்று அதைப் பார்த்தால், அது வளைந்துகொண்டு முதல் கோடு நல்ல பிள்ளை ஆகிவிடுகிறது. இப்போது படம் அச்சடிக்கிற பிளாட்டரில் எடுத்த பேப்பரிலும் அதே கதை. இரண்டு கார்டும் ஒரே கடையிலிருந்து வந்தவை, ஒரே வியாதி.

நேற்று இன்னொரு படம் தப்பாகிவிட்டது. மேனேஜர் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். கார்டு பழுது என்று எழுதிக் கொடுத்தேன். எந்தக் கடையில் வாங்கியது என்ற இடத்தில் உன் கடைப் பெயரை எழுத வேண்டியதாயிற்று. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அய்யம்பெருமாள்

~

பெரம்பலூர்
24.11.2004

மாமா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. அக்கா நன்றாக இருக்கட்டும்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு எப்படி எடுத்துக்கொள்ள? ஆறு மெஷினும் இனி எனக்கு இல்லை என்று உங்கள் மேனேஜர் முந்தாநாள் போன் செய்தார். "உங்க மாமாவே எழுதிக் குடுத்துட்டாரு தம்பி, நான் என்ன பண்ண?" என்றார். பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. சொந்த மாமாவுக்கே ஓட்டைக் கார்டை விற்றவன் என்று எதிர்க்கடைக்காரன் சிரிக்கிறான். ஏழு வருஷமாக ஒரு மெஷின் திரும்பி வராத கடை இது. மனசு எரிகிறது, மாமா.

பேப்பரில் கோடு வளைகிறதாம்! கிராபிக்ஸ் கார்டுக்கும் பிளாட்டருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. கார்டு எரிந்தே போனாலும் பேப்பரில் கோடு நேராகத்தான் வரும். நீங்கள் பார்க்கிற கோடு மட்டும் வளைகிறதாம்! நீங்கள் எந்தக் கோட்டைப் பார்க்கிறீர்கள் என்று கார்டுக்கு எப்படித் தெரியும்? அது என்ன உங்கள் பின்னால் நின்று வேவு பார்க்கிறதா?

இதை எழுதிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். மேலே எழுதியதை மறுபடி படித்தேன்.

மாமா, ஒன்று மட்டும் செய்யுங்கள். சதுரக் கட்டங்களாக ஒரு படம் திரையில் போடுங்கள். அதன் மேல் டிரேசிங் பேப்பரை ஒட்டி, கோடு எப்படித் தெரிகிறதோ அப்படியே பென்சிலால் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஸ்கேல் வைக்காதீர்கள், கையால் போடுங்கள். நாலாவது கேள்விக்கும் பதில் வேண்டும்.

கொளஞ்சி

~

அரியலூர்
2.12.2004

பொருள்: ஆதாரம் அனுப்புதல்
பார்வை: உன் கடிதம், நாள் 24.11.2004

மாப்பிள்ளைக்கு, நலம். உன் கோபம் நியாயம். என் நிலைமையையும் பார்.

டிரேசிங் இத்துடன் உள்ளது. குவாட்ரோ போட்டு எடுத்தது. ஸ்கேல் தொடவில்லை. நடுவில் கோடுகள் எப்படிக் குழிந்து கிடக்கின்றன என்று நீயே பார். இப்போதாவது நான் சொன்னதை நம்புவாய்.

அய்யம்பெருமாள்

~

அரியலூர்
3.12.2004

தம்பி கொளஞ்சிக்கு அக்கா எழுதுறது. நீயும் சுகன்யாவும் புள்ளையும் நல்லா இருக்கீங்களா. நான் நல்லா இருக்கேன். அவரு நல்லா இல்ல.

நேத்து ஒரு கவரு குடுத்து தபால்ல போடச் சொன்னாரு. ஒட்டாம குடுத்தாரு, நான் பிரிச்சுப் பாத்தேன். கட்டம் கட்டமா போட்ட பேப்பரு. "பாத்தியா, எப்படி வளைஞ்சிருக்குன்னு, உன் தம்பி இனிமே வாயத் தொறக்க முடியாது"ன்னாரு. எனக்கு நேராத்தான் தெரிஞ்சுது தம்பி. நான் என்னத்தக் கண்டேன், நீதான் படிச்சவன். அவர்கிட்ட சொல்லல. சொன்னா கத்துவாரு.

டிவி பாக்கும்போது ஒரு கண்ண மூடிக்கிறாரு. சொம்புல இருந்து டம்ளர்ல தண்ணி ஊத்துனா பாதி கீழ போவுது. சக்கர மாத்திரையத் தீவாளிக்கு முன்னாடியே நிறுத்திட்டாரு. ஆசுபத்திரிக்குப் போலாம்னா, "போனா சீட்டு எழுதுவான், சீட்டு ஆபீசுக்குப் போவும், எம் பொழப்பு எடைமேடைக்குப் போவும்"ங்கிறாரு. நான் சொன்னா வூட்டுல எடுபடாது. உன் எழுத்தத்தான் நாலு தடவ படிக்கிறாரு. நீ எதாவது எழுது.

ராசாத்தி

~

பெரம்பலூர்
7.12.2004

அனுப்புநர்: கொளஞ்சியப்பன்
பெறுநர்: என் மாமா
பொருள்: கார்டு இல்லை
பார்வை: உங்களுடையது

அன்புள்ள மாமாவுக்கு, நலமாக இருக்கிறீர்களா என்று இந்தத் தடவை சடங்குக்காகக் கேட்கவில்லை.

இரண்டு மாதமாக நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் பொருள் என்றும் பார்வை என்றும் தலைப்புப் போட்டு எழுதினீர்கள். நான் பொருளையே பிடித்துக்கொண்டு உங்களோடு சண்டை போட்டேன். பார்வை என்று ஒரு வரி அதற்குக் கீழேயே இருந்தது. நான் சரியான முட்டாள்.

உங்கள் டிரேசிங்கைத் திருப்பி அனுப்புகிறேன். என்னை நம்ப வேண்டாம், அக்காவை நம்ப வேண்டாம். உங்கள் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு கோட்டின் மீதும் வையுங்கள். இருபத்தாறு வருஷம் அதைத்தானே நம்பினீர்கள். வைத்துப் பார்த்த பிறகு எனக்கு அறிக்கை எதுவும் அனுப்ப வேண்டாம்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். திருச்சிக்குப் போகிறோம். கண் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். ஆபீஸில் காய்ச்சல் என்று சொல்லுங்கள், வேறு ஒன்றும் சொல்லாதீர்கள். கார்டு கெட்டதாகவே இருக்கட்டும். என் கடைப் பெயரை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன். உங்கள் நாற்காலியை விட்டுவிடாதீர்கள்.

கொளஞ்சி

~

அரியலூர்
20.1.2005

மாப்பிள்ளை கொளஞ்சியப்பனுக்கு மாமா எழுதுவது. பொங்கலுக்கு நீ கொடுத்துவிட்ட கரும்பு வந்தது. உன் அக்கா நலம். நான் நலம் என்று எழுத மாட்டேன். இரண்டாவது லேசர் போன வாரம் ஆயிற்று. வலது கண்ணில் சர்க்கரையால் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர். இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. மாத்திரை போடுகிறேன். உன் அக்கா எதிரில் நின்று விழுங்க வைக்கிறாள்.

உன் நாலாவது கேள்விக்கு இப்போது பதில். அந்தப் பெண் தமிழ்மொழி அக்டோபர் முதல் வாரமே பார்த்தது. "நேராத்தான் இருக்கு சார்" என்றது. சத்தம் போட்டு அனுப்பிவிட்டேன். அன்றைக்கே வலது கண்ணை மூடிப் பார்த்தேன். கோடு நேரானது. திறந்தேன், வளைந்தது. கையைக் கீழே இறக்கிவிட்டு உனக்கு முதல் கடிதம் எழுதினேன். ஆபீஸ் கதவின் நிலையும் வளைந்துதான் தெரிந்தது. அது உன் கடையில் வாங்கியது இல்லை.

ஆனாலும் கார்டாக இருக்காதா என்று ஒரு ஆசை, மாப்பிள்ளை. கார்டு என்றால் கழற்றி மாற்றலாம். அந்த டிரேசிங் எடுத்து முடித்தபோது அதிலும் வளைந்தே தெரிந்தது. அப்பாடா, கண் இல்லை என்று இருந்தது. ஒரு கண்ணை மூடிப் பார்க்கலாம் என்று தோன்றியது. மூடவில்லை. நீ சொன்னபடி ஸ்கேலை வைத்த அன்று நான் சாப்பிடவில்லை.

என் பயத்துக்கு உன் பெயரை விற்றேன். இது எனக்குத் தாங்கவில்லை. ஆகவே கீழ்க்கண்டதை எழுதியிருக்கிறேன். நகல் உன் பார்வைக்கு.

"மேலாளர் அவர்களுக்கு. பொருள்: புகாரைத் திரும்பப் பெறுதல். பார்வை: எனது விளக்கக் கடிதம், நாள் 17.11.2004. மேற்படி கடிதத்தில் கிராபிக்ஸ் கார்டு பழுது என்று எழுதியிருந்தேன். இரு கார்டுகளை ஒப்பிட்டுச் சோதித்ததில் இரண்டிலும் குறை எதுவும் இல்லை. குறை என் கண்ணில் உள்ளது. அதை அறிந்தே புகார் எழுதினேன். பெரம்பலூர் கொளஞ்சியப்பன் கடையின் மீது தவறு இல்லை என்று இதன்மூலம் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கிறேன். டாக்டர் சீட்டு இணைக்கப்பட்டுள்ளது."

இப்படிக்கு,
உன் மாமா

~

பெரம்பலூர்
24.1.2005

மாமா,

யார் உங்களை இதை எழுதச் சொன்னது? டாக்டர் சீட்டை வேறு இணைத்திருக்கிறீர்களாம்! நான்தான் கார்டு கெட்டதாகவே இருக்கட்டும் என்று எழுதினேனே, அதைப் படித்தீர்களா இல்லையா? கடைக்கு என்ன, நாலு மாதத்தில் ஜனம் மறந்துவிடும். உங்கள் நாற்காலி போனால் திரும்பி வருமா? ஒரு நல்லது செய்யலாம் என்றால் அதையும் செய்ய விடமாட்டேன் என்கிறீர்கள். உங்களோடு பெரிய ரோதனை.

இன்னும் கொடுக்கவில்லை என்றால் கிழித்துப் போடுங்கள். இன்றைக்கே. அடுப்பில் போடச் சொல்லி அக்காவிடம் கொடுங்கள்.

கொளஞ்சி

~

அரியலூர்
27.1.2005

மாப்பிள்ளைக்கு, நலம்.

நகல் என்று எழுதினால் மூலம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கடை வைத்திருக்கிறாய், இதுகூடத் தெரியாதா?

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். உன் போன் நம்பரை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டார், அந்த ஆறு மெஷின் விஷயமாக இருக்கும். திங்கட்கிழமையிலிருந்து நான் எடைமேடையில் இருக்கிறேன். லாரி நம்பரைக் கிட்டத்தில் போய்த்தான் படிக்கிறேன். நேற்று ஒரு டிரைவர், "சார், நீங்க டிராயிங்ல இருந்தவரு தான?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கஷ்டமாகத்தான் இருந்தது, இல்லை என்று எழுத மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் கடைக்கு வருகிறேன். பஜார் வழியாகவே நடந்து வருவேன், எதிர்க்கடைக்காரன் பார்க்கட்டும். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்காதே. பஸ் போர்டை உன் அக்கா படித்துச் சொல்வாள்.

அய்யம்பெருமாள்